ரிட்டன் வந்த பீஸை என்ன செய்வது: பெங்களூரு சிறு கடைக்காரருக்கு ஒரு கணக்கு

அல்சூர், சிவாஜி நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் திருப்பூர்ச் சரக்கை இறக்கி விற்கும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. கடையோடு முடிந்துகொண்டிருந்த வியாபாரம் இப்போது ஆன்லைனுக்கும் போய்விட்டது. மார்க்கெட்பிளேஸில் ஒரு செல்லர் கணக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு கேட்லாக், மூலையில் பார்சல் கட்ட ஒரு மேசை. விற்பனை ஏறுகிறது, கூடவே பின்னறையில் ரிட்டன் மூட்டையும் ஏறுகிறது. லாபம் எங்கே போகிறது என்று மாதக் கடைசியில் தேடுகிறவர்கள் அந்த மூட்டையைத்தான் முதலில் பிரிக்க வேண்டும்.

அதைக் கையாள வழிகள் பல. பணத்தைத் திருப்பித் தரலாம், வேறு சைஸ் மாற்றித் தரலாம், பொருளை வாடிக்கையாளரே வைத்துக்கொள்ளட்டும் என்று விடலாம். வந்த பொருளைப் புதிதாக விற்கலாம், குறைச் சரக்காக (செகண்ட்ஸ்) குறைந்த விலைக்குத் தள்ளலாம், மூட்டையாகச் சேர்த்து லாட்டாகக் கொடுக்கலாம், தானம் செய்யலாம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடை வைத்திருப்பவருக்கு நேரில் மாற்றித் தருவதுதான் எல்லாவற்றிலும் சிறந்தது. திரும்பி வந்ததை அன்றைக்கே பிரித்துப் பார்த்து, சொந்தக் கடையிலேயே விற்க வேண்டும். லாட்டுக்குப் போவது கடைசி வழி. குப்பையில் போடுவதை ஒரு வழியாகவே நான் எண்ணுவதில்லை. இது மண்ணுக்கு நல்லது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. கணக்கும் அதையேதான் சொல்கிறது.

சட்டம் விட்டுவைத்திருக்கும் இடம்

எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்று பார்க்கும் முன், எதில் நமக்குத் தேர்வே இல்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறைபாடுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் காலம் குறித்திருந்தால் அதற்குள் தர வேண்டும், குறிக்காவிட்டால் 30 நாளுக்குள். 2020இல் வந்த மின்வணிக விதிகள் ஆன்லைன் விற்பனையாளரை இன்னும் இறுக்குகின்றன. பொருள் குறைபாடுடையதாகவோ போலியாகவோ இருந்தால், விளம்பரத்தில் காட்டியபடி இல்லாவிட்டால், சொன்ன தேதிக்கு மேல் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால், திரும்பப் பெற மறுக்க முடியாது. ஆகவே ‘விற்ற பொருள் வாபஸ் பெறப்படாது’ என்று பில் புத்தகத்தில் அச்சடித்து வைத்திருப்பவர்கள், அடுத்த புத்தகம் அடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிடுவது நல்லது.

சைஸ் பொருந்தவில்லை, நிறம் மனசுக்குப் பிடிக்கவில்லை என்பதெல்லாம் வேறு வகை. பொருளும் விளம்பரமும் சரியாக இருந்தால், அங்கே விதியை வகுப்பது நீங்களோ உங்கள் மார்க்கெட்பிளேஸோதான். நாம் ஒப்பிடப்போவது அந்த இடத்தைத்தான்.

ஒரு செட்டின் கணக்கு

குழந்தைகளுக்கான ஒரு காட்டன் செட்டை 499 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி, கமிஷன் போகக் கைக்கு 430 வருகிறது. கொள்முதல் 240, கூரியர் 60, பேக்கிங் 10. மிச்சம் 120. இவை எடுத்துக்காட்டு எண்கள்தாம். உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள், வழி இதேதான்.

அந்த செட் திரும்பினால்? போன கூரியர் 60 போச்சு. பேக்கிங் 10 போச்சு. திரும்பி வரும் கூரியருக்கு 80. பிரித்துப் பார்த்து, அயர்ன் போட்டு, புது பாலி பேக்கில் வைக்க 15. ஆக 165. பொருள் முழுசாக, புதிதாக விற்கும் நிலையில் வந்தாலே நஷ்டம் இவ்வளவு. ஒரு ரிட்டன் ஒரு விற்பனையின் லாபத்தை முழுங்கிவிட்டு இன்னொன்றிலும் கை வைக்கிறது.

நூறு ஆர்டரில் 15 திரும்பினால், 85 விற்பனையில் 10,200 லாபம், 15 ரிட்டனில் 2,475 நஷ்டம், கையில் 7,725. 25 திரும்பினால் கையில் 4,875 மட்டும். 42 திரும்பினால் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாது. செல்லர் பேனலில் ஆர்டர் எண்ணிக்கையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுகிறவர்கள் இந்த மூன்று வரியையும் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிக்கொள்ளலாம்.

பணமா, மாற்றுப் பொருளா?

பணத்தைத் திருப்பித் தந்தால் மேலே சொன்ன 165 நஷ்டம், அதோடு கதை முடிந்தது.

கூரியரிலேயே வேறு சைஸ் அனுப்பினால் கணக்கு மாறுகிறது. விற்பனை நிற்கிறது, 120 லாபம் அப்படியே இருக்கிறது. அதிலிருந்து திரும்பி வரும் கூரியர் 80, சரிபார்க்க 15, புது பார்சல் போக 60, பேக்கிங் 10 கழியும். நிகரமாக 45 ரூபாய் நஷ்டம். நஷ்டம்தான், ஆனால் 165ஐவிட எவ்வளவோ பரவாயில்லை. வாடிக்கையாளரும் கையில் இருக்கிறார்.

மூன்றாவது வழியைத்தான் பெங்களூருக் கடைக்காரர்கள் சரியாகப் பயன்படுத்துவதில்லை என்று நினைக்கிறேன். வாடிக்கையாளரே கடைக்கு வந்து மாற்றிக்கொண்டால் உங்களுக்குச் செலவு அந்த 15 மட்டும். லாபம் 105 நிற்கிறது. சொந்த வாட்ஸ்அப்பிலும் வெப்சைட்டிலும் விற்பவர்களுக்குப் பெங்களூருக்குள்ளேயே கணிசமான ஆர்டர் இருக்கும். அவர்களிடம் ‘கடைக்கு வந்தால் எந்த சைஸும் உடனே மாற்றித் தருகிறோம், கட்டணம் இல்லை’ என்று பார்சலுக்குள் ஒரு சீட்டு வைத்தால் போதும். 2023 அக்டோபரில் பர்ப்பிள் லைன் வைட்ஃபீல்டிலிருந்து சல்லகட்டா வரை முழுதாக ஓட ஆரம்பித்த பிறகு, அல்சூர்க் கடைக்கு வைட்ஃபீல்டிலிருந்து வர டிராஃபிக்கில் மாட்டிக்கொள்ளத் தேவையில்லை. வந்தவர் ஒரு செட்டை மாற்றிவிட்டுச் சும்மாவும் போக மாட்டார், பக்கத்தில் தொங்கும் நைட்டியையாவது தொட்டுப் பார்ப்பார்.

எங்கள் அண்ணி அல்சூரில் குழந்தைத் துணிக்கடை வைத்திருக்கிறார். அவர் கடைக்கு வருகிறவருக்கு ஒன்று, கூரியரில் கேட்பவருக்கு வேறொன்று என்று இரண்டு விதி வைத்திருக்கிறார். நேரில் வந்தால் 15 நாள் வரை இலவச மாற்று. கூரியர் என்றால் 7 நாள், திரும்பி வரும் செலவில் பாதி வாடிக்கையாளருடையது, தப்பு கடையுடையது என்றால் முழுதும் கடையுடையது. “தம்பி, நம்ம தப்புக்கு அவங்ககிட்ட ஒரு ரூபா வாங்கக் கூடாது. அவங்க மனசு மாறினதுக்கு நாம முழுசா அழவும் கூடாது” என்பார். இதைவிடத் தெளிவான ரிட்டன் பாலிசியை நான் பெரிய நிறுவனங்களிலும் படித்ததில்லை.

திரும்ப அனுப்பக் கட்டணம் வாங்கினால் ஆள் வராது என்ற பயம் பலருக்கு இருக்கிறது. 2022இல் பிரிட்டனில் ஜாரா நிறுவனம் ஆன்லைன் ரிட்டனை வேறு நிறுவனங்களின் பார்சல் மையங்களில் கொடுத்துத் திருப்பினால் 1.95 பவுண்டு வாங்கத் தொடங்கியது. கடையில் கொண்டுவந்து கொடுத்தால் இலவசம் என்று அப்போதும் விட்டுவைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனமே வாடிக்கையாளரைக் கடைப் பக்கம் திருப்ப இந்த வழியைத்தான் எடுத்தது. நாம் தயங்க என்ன இருக்கிறது?

வரவழைப்பதா, விட்டுவிடுவதா?

திரும்பி வரும் கூரியர் 80, சரிபார்க்க 15, கூட்டினால் 95. திரும்பி வந்த பொருளை விற்றால் கையில் 95க்கு மேல் கிடைக்குமா? கிடைத்தால் வரவழையுங்கள். கிடைக்காது என்றால் வரவழைக்காதீர்கள்.

60 ரூபாய் கொள்முதலுள்ள சாக்ஸ் பேக்கில் ஒரு ஜோடி பிசகியிருக்கிறது என்று ஒருவர் போட்டோ அனுப்பினால், பணத்தைக் கொடுத்துவிட்டுப் பொருளை அவரிடமே விட்டுவிடுவதுதான் மலிவு. 240 ரூபாய் செட் கறையோடு இருக்கிறது, லாட்டில் 70தான் தேறும் என்றாலும் அப்படித்தான். வரவழைத்தால் மொத்த நஷ்டம் 335, விட்டுவிட்டால் 310. அதே செட்டில் ஒரு பொத்தான் மட்டும் போயிருக்கிறது, கடையில் 200க்கு விற்கலாம் என்றால் வரவழைத்தால் நஷ்டம் 205தான். அப்போது வரவழைப்பதே சரி.

உள்ளாடை, கைக்குழந்தை நாப்கின் போன்றவற்றை எந்த நிலையிலும் மறுபடி விற்கக் கூடாது. அவற்றில் குறை என்றால் போட்டோவைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இந்தத் தாராளத்தைப் பயன்படுத்தி ஏமாற்றுகிறவர்கள் இருப்பார்களா என்றால், இருப்பார்கள். அதற்காக வழியையே மூட வேண்டியதில்லை. முன்பணம் கட்டியவருக்கு, போட்டோ ஆதாரத்தோடு, முதல் தடவை மட்டும் என்று வைத்தால் போதும். ஒரே எண்ணிலிருந்து இரண்டாம் தடவை வந்தால் பொருளை வரவழைத்துப் பாருங்கள். மார்க்கெட்பிளேஸ் ரிட்டன் என்றால், பார்சலின் லேபிள் தெரிய ஆரம்பித்துப் பிரித்து முடிக்கும் வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். வேறு பழைய துணியை வைத்து அனுப்பியிருந்தால் கிளைம் போட அது ஒன்றுதான் ஆதாரம், கிளைமுக்குக் கொடுக்கும் நாளும் குறைவு.

வந்த பிறகு எங்கே அனுப்புவது?

துணியில் காலதாமதமே பெரிய நஷ்டம். தீபாவளிக்கு வாங்கிய குட்டிப் பாவாடை சட்டை திரும்பி வந்து மூட்டையில் ஒரு மாதம் கிடந்தால், அதை விற்க அடுத்த ஐப்பசி வர வேண்டும். ஜூன் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் நேரத்து வெள்ளை சட்டையும் அப்படித்தான். அதனால் பார்சல் வந்த நாளிலேயே பிரித்து மூன்று கூடையில் போட வேண்டும்: அப்படியே புதிதாக விற்கக்கூடியது, சின்னக் குறையுள்ளது, தேறாதது. கழற்றினால் மறுபடி மாட்ட முடியாத டேக்கை, போட்டுக்கொண்டு வெளியே போக முடியாத இடத்தில் மாட்டி அனுப்பினால் முதல் கூடை நிறைய நிறையும்.

சின்னக் குறையுள்ளதற்கு இரண்டு வழி. ஒன்று, சொந்தக் கடையில் குறையைச் சீட்டெழுதி ஒட்டிக் குறைந்த விலைக்கு விற்பது. இன்னொன்று, லாட்டாகச் சேர்த்துக் கொடுப்பது. திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸும் செகண்ட்ஸும் மொத்தமாகக் கைமாறும். சரக்கு அங்கிருந்துதானே வந்தது, அங்கேயே போகட்டும் என்று லாரி பார்சலில் ஏற்றுகிறவர்கள் உண்டு. நான் அதை விரும்பவில்லை. லாரி வாடகை ஒரு பக்கம், மூட்டை நிறையும் வரை மாதக்கணக்கில் காத்திருப்பது இன்னொரு பக்கம், கடைசியில் வாங்குகிறவர் சொன்னதுதான் விலை. ஐந்து செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் 200க்கு விற்றால் கொள்முதலில் மொத்தம் 200 ரூபாய்தான் குறையும். லாட்டில் 70க்குப் போட்டால் 850 குறையும். வாசலில் ஒரு கூடையும், அதன் மேல் ‘பொத்தான் இல்லை’, ‘சின்னக் கறை’ என்று நேர்மையாக எழுதிய அட்டையும் போதும். சொல்லி விற்ற குறைக்கு யாரும் சண்டைக்கு வருவதில்லை.

தேறாததில் போடக்கூடிய நிலையில் இருப்பவற்றைத் துவைத்து மடித்துத் தானம் செய்யலாம். கூஞ்ச் போன்ற அமைப்புகள் பெங்களூரிலும் துணி வாங்குகின்றன. கிழிந்ததை அங்கே தள்ளிவிடக் கூடாது, வாங்குகிறவருக்கும் மரியாதை உண்டு. கிழிந்த பனியன் துணியை வெட்டினால் பனியன் வேஸ்ட். மெஷின் எண்ணெய் துடைக்க ஒர்க்‌ஷாப்களிலும் அச்சகங்களிலும் அது எப்போதும் தேவை, பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் விசாரித்தால் எடுத்துக்கொள்ள ஆள் கிடைக்கும். காசு பெரிதாக வராது, ஆனால் குப்பை லாரிக்குப் போகாது.

இங்கே ஒரு வரி விஷயம். ஜிஎஸ்டியில் பதிவு செய்தவர் சரக்கை அழித்தாலோ, கணக்கிலிருந்து தள்ளினாலோ, இலவசமாகக் கொடுத்தாலோ அந்தச் சரக்குக்கு எடுத்த ஐடிசியை, அதாவது கொள்முதலில் கட்டிய வரிக்கான வரவை, திருப்ப வேண்டும். 240 ரூபாய்க் கொள்முதலில் 5 சதவீதம் என்றால் பீஸுக்கு 12 ரூபாய். 50 ரூபாய்க்காவது விற்றுவிட்டால் அந்தத் திருப்பலே கிடையாது. தானம் செய்வதை இது தடுக்கக் கூடாது, கணக்கில் எழுதிக்கொண்டால் போதும். ரிட்டனுக்கான கிரெடிட் நோட்டையும் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு) விற்ற நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் காட்டினால்தான் கட்டிய வரியைக் குறைத்துக்கொள்ள முடியும். மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இந்தத் தேதியையும் சேர்த்துத் தவறவிடுகிறார்கள்.

குப்பையில் போடுவதை நான் ஏன் வழியாகவே எண்ணுவதில்லை என்றால், அந்தத் துணிக்காகச் செலவானது ஏற்கெனவே செலவாகிவிட்டது. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் தேவை என்று உலக இயற்கை நிதியம் சொல்கிறது. சாயக் கழிவால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டையும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னதையும் கொங்கு நாட்டோடு தொடர்புள்ள எவரும் மறந்திருக்க முடியாது. அத்தனை விலை கொடுத்துச் சாயமேறிய துணியை ஒரு பொத்தானுக்காக மண்ணில் புதைக்க எனக்கு மனம் வராது. உலகமும் அந்தப் பக்கம்தான் நகர்கிறது. 2018இல் விற்காத சரக்கை எரித்த செய்தி வெளிவந்து கெட்ட பெயர் வாங்கிய பிரிட்டிஷ் ஆடை நிறுவனமான பர்பெரி, இனி அப்படி அழிப்பதில்லை என்று அதே வருடம் அறிவித்தது. பிரான்ஸில் 2022 முதல் உணவல்லாத விற்காத பொருள்களை அழிக்கத் தடை இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பெரிய நிறுவனங்கள் விற்காத ஆடையையும் காலணியையும் அழிப்பதற்கு 2026 ஜூலை 19 முதல் தடை என்று சட்டம் செய்திருக்கிறது, வாடிக்கையாளர் திருப்பி அனுப்பியதும் அதில் சேரும். திருப்பூரிலிருந்து அங்கே ஏற்றுமதி செய்பவர்களுக்கு இது நேரடியான சேதி.

திரும்பாமல் பார்த்துக்கொள்வது

மேலே ஒப்பிட்ட எல்லா வழியையும் தாண்டி, திரும்பாத ஆர்டர் ஒவ்வொன்றும் உங்களுக்கு 285 ரூபாய்: 165 நஷ்டம் தவிர்ந்தது, 120 லாபம் வந்தது. வேறு எந்த வேலைக்கும் இவ்வளவு கூலி கிடையாது.

கேஷ் ஆன் டெலிவரியில் கதவு வரை போய் வாங்காமல் திரும்பும் ஆர்டிஓதான் (ரிட்டன் டு ஆரிஜின்) பலருக்குப் பெரிய தொல்லை. யுபிஐயில் முன்பே கட்டினால் 25 ரூபாய் தள்ளுபடி என்று வைக்கலாமா? நூறு பேரும் தள்ளுபடி எடுத்தால் 2,500 செலவு. ஒன்பது ஆர்டர் திரும்பாமல் நின்றாலே அது வந்துவிடும். சொந்த வெப்சைட்டில் கேஷ் ஆன் டெலிவரிக்கும் 50 ரூபாய் முன்பணம் வாங்கலாம். சும்மா அழுத்திப் பார்க்கிறவர்கள் அங்கேயே நின்றுவிடுவார்கள். அனுப்பும் முன் ஒரு போன் போட்டுக் கேட்டால் இன்னும் குறையும்.

சைஸ்தான் அடுத்தது. குழந்தைத் துணியில் ‘4–5 வயது’ என்று மட்டும் போடுவதால் வரும் ரிட்டன் ஏராளம். அதே வயதில் ஒரு குழந்தை 98 சென்டிமீட்டர், இன்னொன்று 112. உயரமும் மார்பளவும் சென்டிமீட்டரில் போடுங்கள், துணியின் மேல் டேப் வைத்து எடுத்த ஒரு படத்தையும் சேருங்கள். முதல் சலவையில் சுருங்கும் துணி என்றால் அதையும் எழுதுங்கள். நீலமும் கறுப்பும் பல்பு வெளிச்சத்தில் ஒன்றாகத் தெரியும், பகலில் வாசலில் வைத்துப் படம் எடுங்கள். துணியின் ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்) எவ்வளவு என்று போட்டால், மெல்லிசாக இருக்கிறது என்ற புகார் குறையும். வாரத்துக்கு ஒரு தடவை ரிட்டன் காரணங்களை டிசைன் வாரியாகப் பார்த்து, பத்துக்கு மூன்று திரும்பும் டிசைனை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

யாருக்கு எது?

கடையும் இருக்கிறது, வாட்ஸ்அப்பிலும் விற்கிறீர்கள் என்றால், நேரில் இலவச மாற்று, கூரியரில் பாதிச் செலவு, வாசலில் குறைச் சரக்குக் கூடை. இதற்கு மேல் யோசிக்க வேண்டியதில்லை.

பெரும்பாலும் மார்க்கெட்பிளேஸில்தான் விற்கிறீர்கள் என்றால் விதியை மாற்ற உங்களால் முடியாது. சில தளங்களில் தவறான, குறையுள்ள பொருளை மட்டும் திருப்பலாம் என்று ஒப்புக்கொள்ளும் வாடிக்கையாளருக்கு விலை குறைத்துக் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் போட்டு, எவ்வளவு குறைத்தால் தாங்கும் என்று மேலே சொன்ன கணக்கில் பாருங்கள். மற்ற சக்தியெல்லாம் சைஸ் அட்டவணைக்கும் படத்துக்கும் போகட்டும்.

கடையே இல்லாமல் வீட்டிலிருந்து விற்பவர்களுக்குத்தான் குறைச் சரக்கு தலைவலி. அவர்கள் லாட்டுக்கு ஓடும் முன், பக்கத்தில் கடை வைத்திருக்கும் தெரிந்தவரோடு பேசிப் பார்க்கலாம். அவர் வாசலில் உங்கள் கூடை, விற்றதில் அவருக்கு ஒரு பங்கு. 200க்கு விற்றதில் 50 அவருக்குப் போனாலும் உங்களுக்கு 150 நிற்கிறது, லாட்டில் கிடைப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல். சரக்கைக் கொடுக்கும்போது எண்ணி எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாரா வாரம் கணக்கு முடித்துவிடுங்கள்.